உள்பக்கத் தாழ்ப்பாள்

கொத்தனார் துரைராஜ் தாழ்ப்பாள் வாங்கப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும், ஆகாமலும் இருக்கலாம், சுலோசனாவுக்கு அது தெரிய வழியில்லை, ஏனென்றால் இந்த அறைக்குள் கடிகாரமே வரக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான், கைபேசியையும் வேண்டுமென்றே சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தாள், இப்போது அது அங்கே கிடந்து அடித்துக்கொண்டிருக்கும், பெங்களூரிலிருந்து மகள் பிருந்தா, அம்மா முடிஞ்சுதா, போட்டோ அனுப்பு என்று. அடிக்கட்டும், ஒரு காலை நேரம் அம்மா கிடைக்காவிட்டால் குடியா முழுகிப்போகும், முழுகாது, ஆனால் நிஜமாகவே ஏதாவது அவசரமாக இருந்தால், இல்லை, அவளுக்கு அவசரம் என்றால் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவாள், பணம் வேண்டுமென்றால் அப்பா, ரசத்துக்குப் பக்குவம் கேட்க அம்மா. மாம்பழ மஞ்சள் பெயின்ட் இன்னும் மூக்கில் ஏறியது. சாய்வு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்தாள். கதவு மெல்லத் தானாகத் திறந்துகொண்டது. அதுதான் சிக்கல், அதுதான் காலையிலிருந்து சிக்கல். பத்துக்கு எட்டில் அறை முடிந்துவிட்டது, ஓடு வேய்ந்தாயிற்று, ஜன்னல் இரண்டும் எண்ணெய் போட்டதுபோல் திறந்து மூடுகின்றன, மின்விசிறி சுற்றுகிறது, கதவும் அழகாகத்தான் பொருந்தியிருக்கிறது, வெளிப்பக்கம் முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கொண்டி, யானையைக் கட்டலாம், உள்பக்கம் ஒன்றுமே இல்லை, மொழுக்கென்று பலகை. "துரைராஜு, உள்ள தாழ்ப்பாள் எங்கீங்க?" என்று கேட்டதற்கு அந்த மனுஷன் முகத்தில் வந்த குழப்பத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. "உள்ளயுங்களா?" என்றார். கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். "அக்கா, இருபது வருசமா இந்த வட்டாரத்துல மோட்டார் ரூமெல்லாம் நான்தான் கட்டறனுங். ஒரு மோட்டாராச்சும் உள்ள இருந்து தாழ் போட்டுதுங்களா சொல்லுங்க?" மோட்டார் போடாதுதான். உர மூட்டையும் போடாது, தேங்காயும் போடாது. தோட்டத்து அறைக்குள் எது இருந்தாலும் அதை வெளியிலிருந்து பூட்டித்தான் இந்த ஊருக்குப் பழக்கம். "இது மோட்டார் இல்லீங்க, நானுங்க," என்று அவள் சொன்னபோது துரைராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார்.

நாற்காலியை விட்டு எழுந்து ஒரு செய்தித்தாளை நாலாக மடித்துக் கதவிடுக்கில் செருகினாள். நின்றது. காற்று ஒரு தள்ளு தள்ளியது, மறுபடியும் திறந்துகொண்டது. எட்டாக மடித்துச் செருகினாள். இப்படியொரு இடம் வேண்டும் என்று எப்போது தோன்றியது, சரியாகச் சொன்னால் மேட்டுப்பாளையம் ரோட்டில் அந்த நாற்றுப் பண்ணைக்கு எலுமிச்சைக் கன்று வாங்கப் போன அன்றைக்கு. பண்ணைக்கார அம்மாள், அவளுக்கும் அறுபது வயதிருக்கும், செடிகளுக்கு நடுவே ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள், "அம்மா சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்றான் வேலையாள், சுலோசனா எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அம்மாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, படிக்கவில்லை, எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள், அவ்வளவுதான், சுலோசனாவுக்கு வந்தது பொறாமை, பச்சைப் பொறாமை, நகைக்கும் சேலைக்கும் படாத பொறாமை அந்தத் தூக்கிப் போட்ட காலைப் பார்த்துப் பட்டாள். அப்புறம் இடம் பிடிக்கவே ஒரு வாரம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினாள், இருந்ததே பதினைந்து சென்ட், அதில் எத்தனை தேசம். சப்போட்டா மரத்தடி நிழல் நன்றாக இருந்தது ஆனால் வௌவால் கடித்த பழம் தலையில் விழுந்தது, கிழக்கு மதிலோரம் பக்கத்து வீட்டு மிக்ஸி, வாழைப் பக்கம் கொசு, கிணற்றடியில் சமையலறை ஜன்னல் நேராகப் பார்த்தது, அந்த ஜன்னல் பார்த்தால் போதும், குக்கர் விசில் அவளை எழுப்பிவிடும். கடைசியில் நாரத்தை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் போய், "ஏனுங்க, பத்தரை மணிக்குச் சமையல் ரூம் வாசல்ல நின்னு என்னையக் கூப்புடுங்க" என்றாள். ஆறுச்சாமி, "எதுக்கு?" என்றார். "சும்மாதானுங்க. நான் வரமாட்டேன். கூப்புட்டா மட்டும் போதும்." நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம் எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது, சுலோ என்றால் மருதமலை திரும்பிப் பார்க்கும், நல்ல மனிதர், ஏன் என்று இரண்டாம் தடவை கேட்காமல் சரியாகப் பத்தரைக்கு நின்று கூப்பிட்டார். அந்தக் குரல் நாரத்தை இலைகளுக்குள் புகுந்து அவளிடம் வந்து சேர்ந்தபோது யாரோ வேறொரு சுலோசனாவைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அவ்விடத்திலேயே காலால் கோடு கிழித்துவிட்டாள்.

ஆனால் அதற்குப் பெயர்தான் ஆளுக்கொன்றாகப் போயிற்று. ஆறுச்சாமிக்கு அது சாளை, தோட்டத்து வீடு. துரைராஜுக்கு மோட்டார் ரூம். எதிர்வீட்டுக்காரர் வாட்ச்மேன் ரூமா என்று கேட்டார். பிருந்தா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அதில் யோகாசனம் பண்ணச் சொன்னாள், விரிப்பு கூட அனுப்பிவிட்டாள். நாத்தனார், ஆறுச்சாமியின் அக்கா பாப்பாத்தியம்மாள், சாமி அறைதானே என்று தானாக முடிவுசெய்துகொண்டு ஒரு முருகர் படம் கொண்டுவந்தாள், பால் காய்ச்ச நாளும் குறித்தாள். பால் காய்ச்ச மட்டும் சுலோசனா ஒத்துக்கொள்ளவில்லை. பால் காய்ச்சினால் அது வீடாகிவிடும், வீடென்றால் சொந்தபந்தம், உறம்பரை வரும், உறம்பரை வந்தால் காப்பி வேண்டும், காப்பி வேண்டுமென்றால் அடுப்பு, அடுப்பு வந்த இடத்தில் சுலோசனா நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், முப்பத்து நாலு வருஷமாக நின்ற மாதிரி. இதை நாத்தனாரிடம் சொல்ல முடியுமா, "இல்லீங்கண்ணி, சிமென்ட் தளம் இன்னும் காயல, பால் பொங்குனா கறை புடிச்சுக்கும்" என்று சொன்னாள். காரணத்தோடு சொன்னால்தான் வேண்டாம் என்பது வேண்டாமாகும். அப்படியே கட்டில் போடவில்லை, போட்டால் யாரையாவது படுக்க வைப்பார்கள், இடுப்புக்குக் கெடுதல் என்றாள். இரண்டாவது நாற்காலி வேண்டாம், இடம் பற்றாது என்றாள். அடுப்புக்கு ப்ளக் வேண்டாம், மின்னல் இறங்கும் என்றாள், துரைராஜ் அதை நம்பினாரோ இல்லையோ தலையாட்டினார். இவ்வளவையும் தடுத்து நிறுத்தியவள் ஒன்றை மட்டும் தடுக்க முடியாமல் தவித்தாள், அது எல்லாரும் கேட்ட கேள்வி: உள்ளே உட்கார்ந்து என்ன பண்ணப் போறே? என்ன பண்ணப் போகிறாள், அவளுக்கே தெரியாது. தைப்பாளா, அவளுக்குத் தையல் வராது. படிப்பாளா, இரண்டு பக்கத்தில் கண்ணைச் சொக்கும். ஜபமா, அதற்குச் சமையலறையே போதும், பருப்பு வேகும்போது முருகன் பெயர் தானாக வரும்.

செருகிய தாள் விழுந்தது, கதவு திறந்தது, திறந்த வழியில் ஆறுச்சாமி நின்றார், தோளில் ஒரு யூரியா மூட்டை. காலில் செருப்பில்லை, வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. அவருக்குக் கதவு என்பது காலால் தள்ளுவது. வீட்டிலும் அப்படித்தான், அவள் சேலை மாற்றினாலும் மகளோடு போனில் அழுதாலும் அவர் பாட்டுக்கு வருவார், தேடியதை எடுப்பார், போவார், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, தன் வீட்டில் தான் தட்டிவிட்டு வருவது என்றொரு காரியம் உலகத்தில் இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. "இந்த மூலைல வெச்சுக்கறன் சுலோ, மழை வர்ற மாதிரி இருக்குது." மூலையைப் பார்த்தாள். ஒரு மூட்டைதானே, இந்த மூலை ஒன்றுக்கும் ஆகாமல்தானே கிடக்கிறது, மனுஷன் தூக்கிக்கொண்டு வேறு வந்துவிட்டார். நாளைக்கு மண்வெட்டி வரும், நாளை மறுநாள் ஹோஸ் பைப். "வேண்டாங்க, புதுத் தளம், ஈரம் கோத்துக்கும், உரம் கட்டியாயிரும்," என்றாள். அது அவருக்கு நியாயமாகப் பட்டது. "அது செரி," என்று மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது திரும்பி, "காப்பி ஏதாச்சும் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றாள், இப்பத்தான் குடிச்சேன் என்றாள், அதுவும் பொய். தனக்குள் எரிச்சல் வந்தது, அவர்மேல் இல்லை, இந்த வாய்மேல். ஒரு வேண்டாம் என்பதைக்கூட வெறுமனே அனுப்பத் தெரியாமல் அதற்குச் சட்டை போட்டு, தலைசீவி, கையில் ஒரு காரணத்தைக் கொடுத்து அனுப்புகிற வாய்.

இத்தனைக்கும் கதவு தட்டியே சம்பளம் வாங்கியவள். இருபத்திரண்டு வருஷம் பெண்கள் விடுதியில் பகல் நேர வார்டன். ஒன்பது மணிக்கு வகுப்பு, ஒன்பதே காலுக்கு இவள் வராந்தாவில் நடப்பாள், உள்பக்கம் தாழ் போட்ட கதவுகளை எண்ணி ஒவ்வொன்றாகத் தட்டுவாள், யாரு உள்ள, கதவைத் திற, கிளாஸ் இல்லையா. உள்ளேயிருந்து தூக்கம் கலையாத குரல் வரும், வரேன் மேம். வராது. மறுபடி தட்டுவாள். அப்புறம் ஒரு கால் தரையில் படுகிற சத்தம், கொட்டாவி, தாழ் விலகுகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை. வார்டன் அறையோ எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதி, கதவுக்கு நடுவில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஜெனிஃபர் என்று ஒரு பெண், ஒருநாள் எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை, சுலோசனாவுக்கு உயிரே போய்விட்டது, ஏதேதோ நினைத்துவிட்டாள், காவலாளியைக் கூப்பிட்டு, கதவை உடைக்கக் கடப்பாரை வரைக்கும் வந்துவிட்டது, அப்போது அந்தப் பெண் சாவகாசமாகத் திறந்து பத்து விரலையும் விரித்துக் காட்டினாள், நகத்தில் பச்சைப் பாலிஷ், காயலை மேம், தாழைத் தொட்டா ஈஷிக்கும். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதாள், பயந்ததற்கென்று அப்போது நினைத்துக்கொண்டாள். பயம் மட்டுமில்லை. நகம் காய்வதற்காக ஒரு கதவை, ஒரு வார்டனை, ஒரு கடப்பாரையை வெளியே நிற்க வைக்க முடியும் என்பது இருக்கிறதே, அது.

துரைராஜ் ஏன் இன்னும் வரவில்லை, கடையில் கிடைக்கவில்லையோ, கிடைக்காவிட்டால் நல்லதுதானோ, அப்படியும் ஒரு நினைப்பு ஓடியது, ஓடியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் நல்லது. ஏனென்றால் ஊட்டி. நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் அது எப்போதும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். பிருந்தாவுக்கு ஒன்பது வயது, லாட்ஜில் அறை எடுத்திருந்தார்கள், அப்பாவும் மகளும் படகு விடப் போனார்கள், இவளுக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டாள், கட்டிலில் உட்கார்ந்தாள், ஆஹா என்றிருந்தது, ஒரு நிமிஷம். அப்புறம் அந்தச் சத்தமின்மை மேலே ஏறத் தொடங்கியது. யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கையை மடியில் வைத்தாள், எடுத்தாள். கண்ணாடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பிருந்தாவின் அம்மா இல்லை, ஆறுச்சாமியின் சம்சாரம் இல்லை, வார்டனும் இல்லை, சரி, அதெல்லாம் இல்லையென்றால் பின்னே யார் என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே பிடிபடவில்லை, காலி. பத்து நிமிஷம் தாங்கவில்லை, எழுந்து தாழைத் திறந்து வராந்தாவுக்கு ஓடி, பெட்ஷீட் மாற்ற வந்த அம்மாளிடம் ஊர் பேர் விசாரித்து, அவள் மகனின் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி சொல்லி, படகு திரும்பும் வரை பேசிக்கொண்டே நின்றாள். தலைவலி எங்கே போயிற்றோ. அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு வெட்கம், இன்றைக்கும். இப்போது ஊர் முழுக்கத் தெரிய ஒரு அறையைக் கட்டி, மஞ்சள் அடித்து, இவ்வளவு பேரைத் தடுத்து நிறுத்தி, தாழையும் போட்டுவிட்டுப் பத்தே நிமிஷத்தில் எழுந்து ஓடினால்? அறைக்கு ஒரு கேடும் இல்லை, யூரியா மூட்டை அழகாக உட்காரும். "உள்ள மயங்கி உழுந்தீன்னா யாரு வந்து கதவைத் தொறப்பா?" என்று பாப்பாத்தியண்ணி கேட்டாள், மயக்கத்துக்கு அவள் பயப்படவில்லை, மயங்கினால் மயங்க ஒருத்தியாவது உள்ளே இருக்கிறாள் என்று ஆகும், ஊட்டி மாதிரி காலியாகத் தெரிவதற்குத்தான் பயம். சே, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமாக. எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டோமா. விட்டோம்.

மொபெட் சத்தம். துரைராஜ் வந்துவிட்டார், கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம், முகத்தில் தப்புக்கு ஈடு கட்டிவிட்ட பெருமை. "அக்கா, பித்தளையிலயே வாங்கியாந்துட்டனுங், எட்டு இஞ்சி. இரும்புன்னா மழைக்குத் துரு புடிக்கும்." அளந்தார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் புள்ளி வைத்தார், துளை போட்டார், மரத்தூள் அவள் காலடியில் சுருள் சுருளாக விழுந்தது, திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினார். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வேலை முடிந்ததும் அவர் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "போட்டுப் பாருங்க்கா!" என்றார். போட்டாள். வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. வெளியிலிருந்து தள்ளினார், அசையவில்லை, தோளைக் கொடுத்து இன்னொரு தள்ளு, அசையவில்லை. "பாத்தீங்களா!" என்று வெளியே அவர் கொக்கரித்தது கேட்டது. "இனி நான் கட்டற மோட்டார் ரூமுக்கெல்லாம் இதே மாதிரி ஒண்ணு போட்டுரட்டுமுங்களா?" "போடுங்க, மோட்டாரும் பாவந்தானே," என்று உள்ளேயிருந்தே சொன்னாள், அவர் சிரிப்பும் மொபெட்டும் சேர்ந்து தூரமாகப் போயின. சாயந்திரம் வந்து கம்பி, கட்டை எல்லாம் எடுத்துக்கொள்வதாக ஏதோ சொன்னார், பாதிதான் கேட்டது.

தாழ் போட்டபடியே இருந்தது. திறக்கலாம், சோதனைதான் முடிந்துவிட்டதே. திறக்கவில்லை. நாற்காலிக்குப் போனாள், உட்கார்ந்தாள். சரி, இப்போது என்ன. மேலே ஓட்டில் அணில் ஓடியது. சுவரில் ஒரு இடத்தில் பெயின்ட் வழிந்து சொட்டாக உறைந்திருந்தது, அதைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அதுவும் சொட்டாகவே இருந்தது. மத்தியானத்துக்கு ரசம் போதும், பீர்க்கங்காய் இருக்கிறது, தோலில் துவையல் அரைக்கலாம், இதோ ஆரம்பித்துவிட்டது பார், உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, மனசு சமையலறைக்குப் போய் நிற்கிறது. திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தது, கொஞ்சம் முறைத்துக்கொண்டு. அந்தப் பழைய இது லேசாகத் தலைதூக்கியது, ஊட்டியில் ஏறிய அதே இது, கை தானாக மடியிலிருந்து எழுந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் இருந்து பார்க்கலாம், ஓடுவதென்றால் ஐந்தாவது நிமிஷத்திலும் ஓடலாம், கடிகாரம்தான் இல்லையே, எது ஐந்தாவது நிமிஷம் என்று யாருக்குத் தெரியும். அப்போதுதான் காய்ந்த இலைமேல் காலடிச் சத்தம் வந்தது. செருப்பில்லாத கால். அவருடைய நடையைத் தூக்கத்திலும் சொல்லுவாள். வந்தார், வந்த வேகத்தில் வழக்கம்போலக் கதவைத் தள்ளினார். கதவு வரவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். அப்புறம் அவர் கதவை மேலும் கீழுமாகப் பார்ப்பது உள்ளே இருந்தே அவளுக்குத் தெரிந்தது. தன் இடத்தில் தனக்குத் திறக்காத கதவொன்றை முதல் தடவையாகப் பார்க்கிற மனிதர். கோபப்படுவாரோ. கத்துவாரோ, அந்த மில் குரலில், எதிர்வீட்டுக்காரர் ஓடிவருகிற மாதிரி. இரண்டு தட்டு கேட்டது. விரல் முட்டியால், மெதுவாக, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. அதைத் தொடர்ந்து வந்த குரலும் அவருடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவு தணிவு. "சுலோ. நான்தான். உள்ள வரட்டுமா?"

வரட்டுமா. கேட்டார். அவளைக் கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, மனுஷன் பாவம் என்று தோன்றியது, ஓடிப்போய்த் திறந்து வாங்க வாங்க என்று சொல்ல வேண்டும்போல் உடம்பு பாதி எழுந்துவிட்டது. அதே நேரம் பழக்கதோஷத்தில் காரணங்களும் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன, பெயின்ட் காயலைங்க, தலை வலிக்குதுங்க, சாமி கும்பிட்டுட்டு இருக்கேனுங்க, எல்லாம் தயாராக, எல்லாம் சுத்தமாக. ஒவ்வொன்றையும் பார்த்தாள். போங்க எல்லாரும் என்று அனுப்பிவிட்டாள். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்ப வேண்டாங்க," என்றாள். அவ்வளவுதான். வெறும் வேண்டாம், பின்னால் ஒட்டு ஒன்றும் இல்லாமல் அறையில் தனியாக நின்றது, அவளுக்கே அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே மூச்சு கேட்டது. இப்போது ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்வது. மூச்சு இன்னொரு தடவை இழுத்து விட்டது. "செரி," என்றார் ஆறுச்சாமி, "செரி, அப்பறம் வர்றேன்." காலடி நாரத்தையைத் தாண்டி, வாழையைத் தாண்டிப் போயிற்று. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வந்தது, கொஞ்சம் இருந்தது, பேச்சுத் துணை கிடைக்காமல் தானாகப் போய்விட்டது. காலை நீட்டினாள். அணில் மறுபடியும் ஓடியது. எவ்வளவு நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் கொள்ளாத சிரிப்பு, மகளுக்குப் போட்டோ பிடிப்பதற்கில்லை, வந்தவர்களுக்குக் காட்டுவதற்கில்லை, பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை, கண்ணாடிகூட இல்லை. அதை அவள் அவசரப்படாமல் சிரித்து முடித்தாள்.